ஐடி போடாமல் அனுப்பியதால் நிற்காத மோட்டார்: நான் ஜேசன்-ஆர்பிசி கற்றுக்கொண்ட விதம்

கடைசி வருட புராஜெக்டுக்கு ஜேசன்-ஆர்பிசி எடுத்திருக்கிறேன், எந்த லைப்ரரி (ரெடிமேட் கோடு) நல்லது என்று ஊர்ப் பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, ஜேசன் என்கிற எழுத்து வடிவத்தில் கேள்வியும் பதிலும் அனுப்பிக்கொள்கிற முறைதான் ஜேசன்-ஆர்பிசி. எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் இருநூறு வரியில் சொந்தமாக ஒன்று எழுதி அதை நாலு தடவை உடைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். வைவாவில் கேட்கிற கேள்வியெல்லாம் உடைந்த இடத்திலிருந்துதான் வரும்.

படிக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். 2.0 விதிமுறை 2010-ல் வந்தது, சில பக்கங்கள்தான், கும்பகோணத்தில் பாசஞ்சர் ஏறி தஞ்சாவூர் இறங்குவதற்குள் நான் முடித்துவிட்டேன். கேட்கிறவர் மெத்தட் பெயர் (செய்ய வேண்டிய வேலை), பேராம்ஸ் (அதற்கு வேண்டிய விவரங்கள்), ஒரு ஐடி (அந்தக் கேள்விக்கான அடையாளம்) அனுப்புகிறார். பதில் சொல்கிறவர் அதே ஐடியோடு ரிசல்ட் அல்லது எரர், இரண்டில் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புகிறார். அவ்வளவுதானா என்று அலட்சியமாக மூடி வைத்தேன். பிறகு ஆறு மாதம் அந்தப் பக்கங்களையேதான் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

என் புராஜெக்ட், வயலில் இருக்கிற போர் மோட்டாரைச் செல்போனிலிருந்து ஓட்டுவது. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரோடு ரிலே (மின்சுவிட்ச்) வைத்த ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர், வீட்டில் நான். ஐடி இல்லாமல் அனுப்பினால் அதற்கு நோட்டிஃபிகேஷன் என்று பெயர், பதில் வராது என்று படித்திருந்தேன். "நிறுத்து" என்பதற்கு எதற்குப் பதில், போனால் போதும் என்று நினைத்து ஐடி போடாமல் விட்டேன். நடுவில் பை பக்கத்தில் மெத்தட் பெயரை மாற்றியவன், செல்போன் பக்கத்தில் மாற்ற மறந்துவிட்டேன். ஐடி இருந்திருந்தால் -32601, அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று உடனே பதில் வந்திருக்கும். நோட்டிஃபிகேஷனுக்குத் தப்பு நடந்தாலும் பதில் கிடையாது, விதியே அதுதான். ராத்திரி த்ரீ பேஸ் இருந்த வரைக்கும் மோட்டார் ஓடி, வரப்பு வழிந்து, பக்கத்து வயலில் விதை விட்டு இரண்டே நாளான சம்பா நாற்றங்காலில் தண்ணீர் நின்றது. காலையில் அந்த வயல்காரர் எங்கள் வாசலில் நின்று, "என்ன தம்பி, மேட்டூரை எங்க வயல்லயே தொறந்து விட்டுட்ட போல" என்றார். அப்பா விதைநெல் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். பதில் வராவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நோட்டிஃபிகேஷனைத் தொடுங்கள். லாக் எழுத, மீட்டர் அளவை நிமிடத்துக்கொரு தடவை தள்ளிவிட, அது சரி.

அடுத்தது டைம்அவுட். முதலில் ஆன்-ஆஃப் இரண்டுக்கும் சேர்த்து "மாற்று" என்று ஒரே மெத்தட் வைத்திருந்தேன். பத்து விநாடியில் பதில் வராவிட்டால் என் லைப்ரரி மறுபடி அனுப்பும். முதல் கேள்வி போய் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது. இரண்டாவது கேள்வி போய் அதை நிறுத்திவிட்டது. டைம்அவுட் ஆனால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, நடந்ததா என்று நமக்குத் தெரியாது என்றுதான் அர்த்தம். எத்தனை தடவை போனாலும் ஒரே பலன் தருகிற மாதிரி "ஓடு", "நில்" என்று பிரித்த பிறகுதான் நிம்மதி.

நான் அதிக நேரம் தொலைத்தது செய்தி எங்கே முடிகிறது என்கிற விஷயத்தில். நெட்வொர்க்கில் பைட்டுகளை வரிசையாகக் கொண்டுபோகிற டிசிபி-யில் செய்திக்கு எல்லை கிடையாது, பாதி வரும், இரண்டு ஒட்டிக்கொண்டும் வரும். அதனால் கோடில் தப்பு காட்டுகிற லாங்வேஜ் சர்வர்கள், கோடு எழுதுகிற எடிட்டரோடு பேசுகிற முறையிலேயே ஒவ்வொரு செய்திக்கு முன்னாலும் கன்டென்ட்-லெங்த், அதாவது செய்தியின் நீளம், போட்டேன். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அம்மாவுக்குப் புரியட்டும் என்று வயல் பெயரைத் தமிழில் "படுகை" என்று போட்டேன், அன்றைக்கே -32700, ஜேசனைப் பிரிக்கவே முடியவில்லை. கண்ணுக்கு அது மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் ஐந்து என்கிறது, எழுத்தை பைட்டாக மாற்றுகிற யுடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட். லெங்த் எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. பத்து பைட் குறைத்துச் சொன்னதால் செய்தியின் வால் அறுந்து அடுத்த செய்தியின் தலையில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்திலேயே சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிழை சிக்கவே சிக்காது, நமக்கு முதல் நாளே சிக்கும்.

இதெல்லாம் பட்ட பிறகு உண்மையான லைப்ரரியின் சோர்ஸைத் திறங்கள். முதலில் தேட வேண்டியது, அனுப்பிய ஐடியையும் அதற்காகக் காத்திருக்கிற புராமிஸையும் (பதில் வந்ததும் நிறைவேறுகிற ஜாவாஸ்கிரிப்ட் பொருள்) சேர்த்து வைக்கிற மேப் என்கிற அட்டவணை. டைம்அவுட் ஆனால் அதிலிருந்து நீக்குகிறார்களா, கனெக்ஷன் அறுந்தால் காத்திருக்கிற எல்லோருக்கும் எரர் போகிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இரண்டுமே இல்லை. போதாக்குறைக்கு ஐடியை எண்ணாக அனுப்பி, வாங்கின பக்கத்தில் ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) ஆக்கித் திருப்பியதால், மேப்பில் 7 தேடினால் "7" கிடைக்காமல் அரை நாள் போனது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஹெச்டிடிபி-யில் கேள்விக்குப் பதில் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறதே, ஐடி எதற்கு?" ஜேசன்-ஆர்பிசி எந்த வழியில் போகும் என்று விதி சொல்வதில்லை, சாக்கெட்டிலும் போகும், பைப்பிலும் போகும், பேட்ச்சாக, அதாவது பல கேள்விகளை ஒன்றாகக் கட்டி, அனுப்பினால் பதில்கள் எந்த வரிசையிலும் வரலாம் என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி என்று நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி நிற்கிறோம், நம் நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காய வை என்று ஒதுக்கிவிடுவார்கள், பின்னால் வந்தவர் மூட்டை முன்னால் எடைக்கு ஏறும், யார் நெல் எது என்று கடைசியில் சொல்வது வரிசை இல்லை சார், டோக்கன் நம்பர்தான் என்றேன். அவர் எந்த ஊர் என்று கேட்டார். அய்யம்பேட்டைப் பக்கம் என்றேன். அடுத்த பையனைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.