பழைய ஜாஸ் கிளாரினெட்: கேட்புக் குறிப்புகள்

ஜூன் 2
1923-ஆம் ஆண்டுத் தட்டு எதையும் வேகம் சரிபார்க்காமல் எடைபோடக் கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பேருக்குத்தான்; மைக்ரோஃபோன் வருவதற்கு முந்திய தட்டுகள் சுமார் 73 முதல் 82 சுற்று வரை எதிலும் பதிவாகியிருக்கலாம். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். நியூ ஆர்லியன்ஸ் குழுக்கள் அதிகம் வாசித்தது பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் சுருதிகளில். பாட்டு பி-யில் வந்து நின்றால் சந்தேகப்படுங்கள். வேகத்தை 78-இலிருந்து 73.6-க்கு இறக்கினால் அரைக் கட்டை கீழேயுள்ள பி ஃபிளாட் கிடைக்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பினால் கிளாரினெட்டின் அதிர்வைக் கவனியுங்கள். வேகம் கூடிய தட்டில் கிங் ஆலிவர் குழுவின் கிளாரினெட்காரர் ஜானி டாட்ஸின் அகன்ற அதிர்வு ஆட்டுக் கத்தலாகச் சுருங்கிவிடும்.

ஜூன் 5
ஊசி. எல்.பி. (பிற்கால நெடுநேரத் தட்டு) ஊசியின் முனை மெலிது. அது 78 தட்டின் தடத்தில் அடிவரை இறங்கி அழுக்கை உழும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, சுமார் 75 மைக்ரான்) முனை வேண்டும். தேய்ந்த தட்டுக்கு 2.5, 3.5 இரண்டையும் போட்டுப் பாருங்கள். தேயாத சுவர்ப்பகுதி ஏதாவது ஒன்றில் அகப்படும். இடது, வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்தால் மேலும் கீழுமான அசைவில் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலிபெருக்கியில் கீழ், மேல் ஒலிகளைச் சரிசெய்யும் ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாட்டை அணைத்துவிடுங்கள்; அது பிற்காலத் தட்டுகளுக்கானது, இங்கே மேல் ஒலியைத் தின்றுவிடும். இரைச்சல் வடிகட்டியிலும் கை அடங்க வேண்டும். அதை இறுக்கினால் முதலில் போவது கிளாரினெட்டின் வாயிலுள்ள நாணலின் கடுமை. அது போனபின் டாட்ஸில் மிச்சம் என்ன?
துடைக்க ஆல்கஹால் கூடவே கூடாது, தட்டின் அரக்கான ஷெல்லாக் கரைந்துவிடும்.

ஜூன் 9
கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட், ஜெனட் நிறுவனம், இண்டியானாவின் ரிச்மண்ட், 1923 ஏப்ரல். எல்லாரும் ஒலியை வாங்கி ஊசிக்குக் கடத்தும் ஒரே கொம்புக் குழாயை நோக்கி வாசித்தார்கள். பெரிய மேளத்தை அந்தக் குழாய் தாங்காது. அதனால் மேளக்காரர் பேபி டாட்ஸ் கேட்பதெல்லாம் மரக்கட்டைத் தட்டலாகத்தான்.

கிளாரினெட் மட்டும் எப்படித் தப்பியது? அதன் ஆகக் கீழான ஸ்வரம் சுமார் 147 ஹெர்ட்ஸ். கொம்பு அதைச் சரியாகப் பிடிக்காது. ஆனால் கீழ் ஸ்தாயியில் கிளாரினெட்டுக்கு அடிச்சுரத்தின் 3, 5 மடங்கில் வரும் ஒற்றைப்படை மேற்சுரங்கள் பலமாக இருக்கும். 441-உம் 735-உம் பதிவாகிவிட்டால் விடுபட்ட அடிச்சுரத்தைக் காதே நிரப்பிக்கொள்கிறது.

இந்தக் குழுவின் ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ கேட்கும்போது முதல் தடவை கார்னெட்டை விட்டுவிடுங்கள். இரண்டு கார்னெட்டுகளும் மெட்டைப் பிடித்திருக்க, அவற்றுக்கு மேலேயும் இடையிலும் டாட்ஸ் பின்னிக்கொண்டே போகிறார். பிறகு குழு விட்டுவிட்டு அடித்து நிறுத்த, 12 தாள அளவுகள் கொண்ட சுற்று இரண்டை அவர் தனியாக வாசிக்கிறார். மூச்சை எங்கே எடுக்கிறார் என்று பின்தொடர்ந்தால் சொற்றொடர்களின் கட்டுமானம் தானாகப் புரியும்.

ஜூன் 14
அதே ஜெனட், அதே ஆண்டு மார்ச்: நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸின் ‘டின் ரூஃப் ப்ளூஸ்’. கிளாரினெட்காரர் லியோன் ரொப்போலோவின் தனி வாசிப்பு தாழ்ந்தும் வளைந்தும் செல்கிறது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்த ஒன்றுக்கு மேற்பட்ட எடுப்புகள் கிடைக்கின்றன. அடுத்தடுத்துக் கேளுங்கள், அவர் மனப்பாடம் ஒப்பிக்கவில்லை.

ஜூன் 20
கிளாரினெட்காரர் ஜிம்மி நூனின் குழு, சிகாகோ, வொக்காலியன் நிறுவனம், 1928. மைக்ரோஃபோன் வழி மின்பதிவு. குழுவில் கார்னெட்டே கிடையாது. ஜோ போஸ்டனின் ஆல்டோ சாக்ஸஃபோன் மெட்டைச் சுமக்கிறது, பியானோவில் ஏர்ல் ஹைன்ஸ். கீழ் ஸ்தாயியை இங்கேதான் முழு உடலோடு கேட்க முடிகிறது. ‘ஸ்வீட் லொரைன்’ முதலில், ‘ஐ நோ தட் யூ நோ’ அடுத்து. இரண்டாவதில் அந்த ஓட்டத்திலும் ஒரு ஸ்வரம்கூடப் பிசிறவில்லை.

டாட்ஸும் நூனும் ஊதியது பழைய ஆல்பர்ட் முறை (விசை அமைப்பு) கிளாரினெட்தான். பக்கத்தில் வைத்துக் கேட்க 1927 மே 10-இன் ‘பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்’ இருக்கிறது. அங்கே லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் புகழ்பெற்ற கார்னெட் சுற்றுக்கு முன்னால் டாட்ஸுக்கும் ஒரு முழுச் சுற்று உண்டு. வழவழப்பில் நூன் மேல். ப்ளூஸ் வாசிப்பில் என் ஓட்டு டாட்ஸுக்கே.