இரண்டாவது வழி

அலுவலகத்தில் இன்று தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் பின்பக்க மாடிப்படிக்குப் போனோம். கதவைத் திறந்தால், உடைந்த நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கூரை வரை.

ஒத்திகைதானே என்று எல்லோரும் சிரித்தார்கள். சுரங்கவியல் படித்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1869 செப்டம்பர். பென்சில்வேனியாவின் ஏவண்டேல் நிலக்கரிச் சுரங்கம். ஆள் இறங்க, கரி ஏற, காற்று போக, எல்லாவற்றுக்கும் ஒரே குழி. அந்தக் குழியின் வாய்க்கு நேர் மேலே, கரி உடைக்கும் கூடத்தை மரத்தால் கட்டியிருந்தார்கள்! அதில் தீப்பிடித்தது.

110 பேர் இறந்தார்கள். அதில் இருவர், காப்பாற்ற இறங்கியவர்கள்.

பக்கத்து ஊர் வில்க்ஸ்-பாரி. 1871 மே மாதம் 22 பேர் அங்கே கூடி அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் கழகத்தைத் தொடங்கினார்கள். தாதுவைச் சிக்கனமாக எடுப்பதுதான் முதல் நோக்கம். பொறியாளர்கள் அல்லவா! ஆனால் அதே வாக்கியத்தில், வேலை செய்பவர்களின் நலனையும் சேர்த்து எழுதிவைத்தார்கள். அந்தச் சில சொற்கள் எனக்குப் பிடிக்கும்.

சாயங்காலம் நாலு நாற்காலியை நானே இறக்கி வைத்தேன். மீதி நாளைக்கு.