காலி நாற்காலியும் கணக்கில் உண்டு

எங்கள் சதுப்புநிலப் பாதுகாப்பு அமைப்பின் நிர்வாகக் குழுவில் மூன்று இடம் காலியானபோது, ஒரு மாத வேலை என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் இழுத்தது.

விலகிய மூவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஆகவே பதவிக்காலமும் ஒரே நாளில் முடிந்தது. முன்பின்னாகப் பிரித்து வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. சரி, மீதி ஆறு பேர் இருக்கிறோமே என்று கூட்டம் கூட்டினால் வந்தது நான்கு பேர். ஆறில் நாலு, கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை) இருக்கிறது என்று மினிட்ஸ் எழுத உட்கார்ந்துவிட்டேன். பைலாவை, அதாவது அமைப்பின் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். 'மொத்த இடங்களில் பாதிக்கு மேல்' என்றிருந்தது. மொத்தம் ஒன்பது இடம், அப்படியானால் ஐந்து பேர் வேண்டும். காலி நாற்காலியும் கணக்கில் உண்டு! புது ஆளைச் சேர்க்கக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கோ ஆள் இல்லை. உங்கள் பைலாவில் அந்த ஒரு வரியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது ஆளைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தது தனிக்கதை.

முதலில் பிடித்தது பெயர்பெற்ற ஒரு பேராசிரியரை. "பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். போட்டோம். பெயர் மட்டும்தான் வந்தது, ஆள் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு யாரிடம் பேசினாலும் முதல் பேச்சிலேயே, வருடத்துக்கு ஆறு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் படிக்க ஒரு கட்டுத் தாள் என்று சொல்லிவிடுகிறேன். பாதிப்பேர் அங்கேயே கழன்றுகொள்கிறார்கள். கழலட்டும்.

இரண்டாமவரை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. சுற்றுச்சூழல் ஆலோசகர், நீரியல் அத்துப்படி, பேச்சில் தேன். மூன்று சந்திப்பு முடிந்து தீர்மானமும் தயார். நாங்கள் எதிர்த்துக்கொண்டிருந்த சாலைத் திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை ஆட்சேபம் எழுதுவதற்காக எடுத்தேன். தயாரித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர். கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவே இல்லையே" என்றார். அதுவும் உண்மைதான். தொழில், பங்கு, உறவு என்று நலன் மோதக்கூடிய எல்லாவற்றையும் முதல் சந்திப்புக்கு முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

மற்ற இரண்டு இடங்களும் எப்படியோ நிரம்பின. பொருளாளர்தான் கிடைக்கவில்லை. மரம் நட ஊரே வரும், வவுச்சர் பார்க்க ஒருவரும் வர மாட்டார். கடைசியில் ஆள் கண்ணெதிரேயே இருந்தார். மாதாமாதம் எங்களோடு பறவை எண்ண வருகிறவர். அவருடைய தாளில் மட்டும் கூட்டுத்தொகை பிசகவே பிசகாது. விசாரித்தால் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவராம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார். இவருமா!

முதல் கூட்டத்திலேயே லெட்ஜரில் ஒரு வரியில் விரலை வைத்தார். "இது பறவைக் கணக்கெடுப்புக்கென்று கொடுத்த நிதி. இதிலிருந்து அலுவலக வாடகை எப்படிப் போனது?"

அந்தக் காசோலையில் கையெழுத்துப் போட்டது நான்.