சொல்வதை எழுதுபவருடன் ஒரு வரலாற்றுப் பட்டம்

எனக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். இரு கால்களும் கைகளும் பாதிக்கப்பட்டிருப்பதால் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். பேச்சு தெளிவாக வரும், ஆனால் பேனாவைப் பிடித்து எழுத இயலாது. தென் மாவட்டம் ஒன்றின் அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு முடித்து, இப்போது அங்கேயே முதுகலை படிக்கிறேன். இத்தகைய பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோர் சிலர் என் அம்மாவிடம் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சேர்க்கையைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் எளிய பகுதி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 32ஆவது பிரிவின்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையவர்களுக்கு ஒதுக்குகிறது. வயது வரம்பிலும் 5 ஆண்டுத் தளர்வு தருகிறது. அரசுக் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு நடந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்ததால் எனக்கு வேறெந்தச் சிக்கலும் வரவில்லை.

சிக்கல் கட்டடத்தில் தொடங்கியது. முதலாமாண்டு வகுப்பு மாடியில் இருந்தது. முதல் சில வாரங்கள் வகுப்புத் தோழர்கள் என்னை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். அவர்களுடைய அன்பை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் ஒரு பெண் தினமும் பிறர் கைகளில் தூக்கப்பட்டுத்தான் பாடம் கேட்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. துறைத்தலைவரிடம் எழுத்து மூலமாகக் கேட்டேன். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார். வாயிலில் சாய்தளம் ஒன்று ஏற்கெனவே இருந்தது, ஆனால் அது மிகவும் செங்குத்தானது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. ஒன்றரை அடி உயரமுள்ள எங்கள் வாயிலுக்குப் பதினெட்டடி வேண்டும். இருந்ததோ அதில் பாதிகூட இல்லை. கழிப்பறையின் கதவு வழியே சக்கர நாற்காலி நுழையாது என்பதால், இளங்கலைக் காலம் முழுவதும் காலையில் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தேன். உடலுக்குக் கேடு என்று தெரிந்தே இப்படிச் செய்யும் மாணவியர் பலர் இருக்கிறார்கள். இதைக் கூச்சப்படாமல் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேர்வுதான் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது. சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று விண்ணப்பித்தபோது, என் கையால் எழுத இயலாது என்று மருத்துவரிடம் தனிச் சான்றிதழ் வாங்கி வருமாறு அலுவலகத்தில் சொன்னார்கள். நடுவண் அரசின் சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், 40 விழுக்காடும் அதற்கு மேலும் பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவை உள்ளவர்கள் விரும்பிக் கேட்டாலே இந்த வசதியைத் தர வேண்டும் என்று இருந்தது. மற்றப் பிரிவினருக்குத்தான் அந்தச் சான்றிதழ் தேவை என்றும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, வரியை அடிக்கோடிட்டு விண்ணப்பத்தோடு இணைத்தேன். அனுமதி கிடைத்தது. 40 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ளவர்களும் மனம் தளர வேண்டாம்: எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் உபாதை உள்ள ஒருவர் தொடர்ந்த வழக்கில், அவர்களுக்கும் இந்த வசதியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது.

நாமே அழைத்து வருபவர் நம்மைவிட ஒரு படி குறைந்த கல்வித் தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதலின் விதி. பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டுப் பெண் எனக்காக வந்தாள். அறிவியல் பிரிவில் படித்த அவளுக்கு வரலாற்றுப் பெயர்கள் புதியவை. ஆகவே தேர்வுக்கு முந்தைய மாலைகளில் இருவரும் பழைய வினாத்தாள்களை வைத்துப் பயிற்சி செய்தோம். "அக்கா, கனிஷ்கருக்கு எந்த ஷ?" என்று அவள் கேட்பாள், நான் எழுத்தெழுத்தாகச் சொல்வேன். வரைபட வினா இன்னும் கடினம். கிருஷ்ணா கடலில் சேரும் இடத்தை முதலில் அவள் விரலால் தொட வேண்டும்; அங்கிருந்து வடக்கே ஒரு விரற்கடை, மேற்கே அரை விரற்கடை என்று நான் வழி சொன்னால்தான் அமராவதி அதன் இடத்தில் வந்து அமரும். சொன்ன விடையைத் திரும்பப் பார்க்க முடியாது என்பதால், உட்தலைப்புகள் அனைத்தையும் மனத்தில் வரிசைப்படுத்திய பிறகே முதல் வாக்கியத்தைச் சொல்லப் பழகினேன். அதற்காக வீட்டிலும் சமையலறை வாசலில் இருந்தபடி அம்மாவிடம் உரக்கச் சொல்லியே படித்தேன்.

மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். பத்து மணிக்குத் தொடங்கும் தேர்வு எனக்கு இரண்டு மணிக்குத்தான் முடியும் என்பது எல்லா மேற்பார்வையாளர்களுக்கும் தெரிந்திருக்காது. ஒரு மணிக்கே விடைத்தாளைக் கேட்டவர்களும் உண்டு. அனுமதிக் கடிதத்தை ஹால் டிக்கெட்டோடு மேசைமேல் வைத்துக்கொள்வது அதற்குத்தான். உரக்கச் சொல்லி எழுத வேண்டியிருப்பதால் தனி அறையும், அது தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிட வேண்டும். பருவம் தொடங்கும்போதே கொடுத்துவிட்டால் அலுவலகத்துக்கும் அவகாசம் கிடைக்கும்.

இப்போது முதுகலை ஆய்வேட்டுக்கான வேலையில் இருக்கிறேன். நூலக அடுக்குகள் மாடியில் உள்ளன. நான் தரும் பட்டியல்படி நூலகர் நூல்களை இறக்கித் தருகிறார். ஆனால் வரலாறு படிப்பவர் தனக்கு வேண்டிய நூல்களில் பாதியை அடுக்குகளுக்கிடையே தேடும்போதுதான் கண்டெடுப்பார். அந்த வாய்ப்பு எனக்கும் வேண்டும் என்பதால், கழிப்பறைக் கதவோடு சேர்த்து மின்தூக்கிக்கும் மனு கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால், சாட்சிகளை அழைத்து விசாரிக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் பெற்ற மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடுவேன். அதற்கான ஆவணங்களை இப்போதே தொகுத்து வருகிறேன்.