நாசி கண்டாரை விடாமல் எடை குறைத்த கதை

எனக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகும். தாடையில் முடி, கழுத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. அந்தக் கழுத்தைப் பார்த்ததுமே டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். பி.சி.ஓ.எஸ். என்று முடிவு வந்தது, அதாவது சினைப்பையையும் ஹார்மோன்களையும் பாதிக்கும் ஒரு கோளாறு. கட்டி என்று அம்மா பதறிப்போனார். ஸ்கேனில் தெரிந்தவை கட்டிகளே அல்ல, முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள்.

இந்தக் கோளாறு உள்ள பலருக்கு, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்குவதில்லை. அப்போது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை ஏற்றிவிடுகிறது, எடையும் சுலபத்தில் இறங்குவதில்லை. இது தெரியாமல் "வாயைக் கட்டு" என்று சொல்லும் சொந்தக்காரர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

உணவியல் நிபுணர் பட்டினி போடச் சொல்லவில்லை. காலையில் என்ன பசியாறுவீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) என்றேன். மலேசியச் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' (மலாயில் 'கால், கால், பாதி') தட்டை வரைந்து காட்டினார்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். பி.சி.ஓ.எஸ்.-க்கென்று தனி டயட் கிடையாது, நீங்கள் விடாமல் தொடரக்கூடியதே நல்ல டயட் என்றார். எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை அது.

பினாங்கில் இருந்துகொண்டு, பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் சோற்றை விட முடியுமா? கடையில் இப்போது இப்படித்தான் கேட்கிறேன்: "அண்ணே, சோறு பாதி போதும். குழம்பு ஓரமா ஒரு கரண்டி. வெண்டைக்காய் கூட வைங்க, ஒரு அவிச்ச முட்டை." எல்லாக் குழம்பையும் சோறு மூழ்க ஊற்றுவதில்தான் எண்ணெய் மொத்தமும் இருக்கிறது. பொரித்த கோழிக்குப் பதில் மீன். கெட்டிப்பால் போட்ட தே தாரிக் போய், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் வந்தது. முதலில் கஷாயம் மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

நடைக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள். 513 படி, மூச்சு வாங்கும். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்பதால் மற்ற நாள்களில் வீட்டைச் சுற்றி நடை. உடல் இன்சுலினுக்கு இணங்க உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கியது, சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டதும் அடங்கியது.

எடை மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் ஐந்து விழுக்காடு குறைந்தாலே, அதாவது 80 கிலோ இருப்பவருக்கு 4 கிலோ, பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அன்று அம்மாவிடம் சொல்லி அழுதேவிட்டேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள் தோழிகளே. சுழற்சி திரும்பினால் கருமுட்டையும் வெளிவரத் தொடங்கும். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றிருப்பவர்கள் கருத்தடை பற்றி டாக்டரிடம் அப்போதே பேசிவிடுங்கள்.