கர்னல் கண்டுகொள்ளாத ஆர்கியுமென்டுக்கு மேன் பேஜ் எழுதுவது

பெங்களூரில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து லினக்ஸ் மேன் பேஜ்களின், அதாவது கையேட்டுப் பக்கங்களின், இரண்டாம் பிரிவை (சிஸ்டம் கால்கள், அதாவது புரோகிராம்கள் கர்னலைக் கூப்பிடும் ஃபங்ஷன்கள்) சரிபார்த்தபோது கைக்கு வந்த வழிமுறை இது. காலாவதியான ஆர்கியுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) என்றால் ‘இதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது யாருக்கும் உதவாது. எந்த வெர்ஷனிலிருந்து, இப்போது என்ன மதிப்பு கொடுப்பது, தப்பாகக் கொடுத்தால் என்ன பிழை வரும் என்று மூன்றையும் சொல்ல வேண்டும்.

முதலில் கர்னல் சோர்ஸ். பல ஃபைல்களை ஒரே நேரத்தில் கண்காணிக்கும் எபோலைத் தொடங்கும் எபோல்_கிரியேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரே ஆர்கியுமென்ட் சைஸ். உள்ளே இருப்பது இரண்டே வேலை: சைஸ் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் ஈஇன்வால் (தவறான மதிப்பு என்ற பிழை); இல்லையென்றால் பூஜ்ய ஃபிளாக்கோடு உள் ஃபங்ஷனைக் கூப்பிடுவது. சைஸ் அந்த உள் ஃபங்ஷனுக்குப் போவதே இல்லை. ஆக, கர்னல் 2.6.8 முதல் அது புறக்கணிக்கப்படுகிறது, ஆனால் சோதிக்கப்படுகிறது. வெறுமனே ‘புறக்கணிக்கப்படும்’ என்று எழுதினால், நம்பி 0 கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். எந்த சிபியுவில் ஓடுகிறோம் என்று சொல்லும் கெட்சிபியு வேறு ரகம். 2.6.24 முதல் மூன்றாவது ஆர்கியுமென்டைக் கர்னல் தொடுவதே இல்லை. சோர்ஸில் அதன் பெயரே ‘அன்யூஸ்ட்’. ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) 2.29-இல் வந்த ரேப்பரில், அதாவது சிஸ்டம் காலைக் கூப்பிட்டுத் தரும் லைப்ரரி ஃபங்ஷனில், அந்த இடமே கிடையாது.

அதிகம் குழப்புவது, நேரம் கேட்கும் கெட்டைம்ஆஃப்டேயின் டைம்ஸோன் ஆர்கியுமென்ட். கர்னல் இன்னும் அதை நிரப்பித் தருகிறது. பெங்களூர் நேரம் வைத்த கணினியில் -330-ம் (யுடிசியிலிருந்து மேற்காக எண்ணும் நிமிடக் கணக்கு) வரலாம், 0-வும் வரலாம். பூட் ஆகும்போது அதை யார் அமைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஜிலிப்சி 2.31 முதல் ரேப்பர் வழியாகப் போனால் பூஜ்யம்தான். கர்னல், லைப்ரரி இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸை நம்பிச் சோதிக்காதீர்கள்: எக்ஸ்86-64-இல் இந்தக் கால் விடிஎஸ்ஓ (கர்னலுக்குள் போகாமலே பதில் தர, புரோகிராமின் மெமரியில் கர்னல் வைக்கும் கோட்) வழியாகவே முடிந்துவிடுவதால் ஸ்ட்ரேஸில் எதுவும் தெரியாது. சிஸ்கால் ஃபங்ஷனில் எண்ணைக் கொடுத்து நேரடியாகக் கூப்பிடுங்கள்.

அடுத்தது வெர்ஷனைக் கண்டுபிடிப்பது. இங்கேதான் பாதி நேரம் போகும். கர்னலின் கிட் (சோர்ஸ் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12-ஆர்சி2-இல் தொடங்குகிறது. எபோல் மாற்றம் அதற்கு முந்தையது என்பதால் ஒவ்வொரு வரியும் எப்போது வந்தது என்று காட்டும் கிட் பிளேம் அந்த முதல் காமிட்டில் (பதிவில்) போய் முட்டிக்கொண்டு நிற்கும். 2.6.7, 2.6.8 டார்பால்களை (சோர்ஸ் தொகுப்புகளை) இறக்கி, எஃப்எஸ் டைரக்டரியில் உள்ள ஈவென்ட்போல் ஃபைலை மட்டும் டிஃப் எடுத்தால் (வித்தியாசம் பார்த்தால்) போதும்.

பழைய கர்னலை இன்றைய ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்யப் பார்த்து மல்லுக்கட்ட வேண்டாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய போர்டு தேடி அலையவும் வேண்டாம். டெபியன் 3.1 சார்ஜில் 2.6.8 இருக்கிறது, கேமு என்ற மெய்நிகர் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். கண்காணிப்புப் பட்டியலை மாற்றும் எபோல்_கண்ட்ரோலின் (epoll_ctl) டெலீட் வேலைக்கு ஈவென்ட் பாயின்டர் தேவையே இல்லை, ஆனாலும் 2.6.9-க்கு முன் நல் (வெற்று பாயின்டர்) கொடுத்தால் ஈஃபால்ட் (தவறான முகவரி என்ற பிழை) வரும். அதை அங்கேயே கண்ணால் பார்த்துவிடலாம். பழைய கர்னலிலும் ஓட வேண்டிய புரோகிராம் என்றால் நல் அல்லாத ஏதாவது ஒரு பாயின்டர் கொடுக்கச் சொல்லி மேன் பேஜின் பக்ஸ் பகுதியில் எழுத வேண்டியது இதனால்தான்.

எழுதும்போது, இன்றைய நடத்தையை டிஸ்கிரிப்ஷனில் ஒரே வாக்கியத்தில் வையுங்கள். பழைய கதை ஹிஸ்டரிக்குப் போகட்டும். ரேப்பர் இன்னும் ஏற்கும் ஆர்கியுமென்டைச் சினாப்சிஸிலிருந்து (ஃபங்ஷனின் வடிவத்தைக் காட்டும் பகுதி) தூக்கிவிடாதீர்கள், அங்கே ஏபிஐ அப்படியேதான் இருக்கிறது. மேன் பேஜ் எழுதப்படும் ராஃப் வடிவ சோர்ஸில் ஒவ்வொரு வாக்கியமும் புது வரியில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் ஒரு சொல்லைத் திருத்தினாலும் டிஃப்பில் பத்தியே சிவப்பாகும். மேன்டாக் என்ற கருவியின் லின்ட் (எழுத்துமுறைப் பிழை) சோதனையை ஓட்டுங்கள். பேட்ச் (அனுப்பும் திருத்தம்) தலைப்பு ஃபைல் பெயரில் தொடங்கட்டும். டெஸ்ட் புரோகிராமையும் அது தந்த அவுட்புட்டையும் காமிட் மெசேஜிலேயே ஒட்டிவிடுங்கள், ரிவ்யூ செய்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.