மார்கழியில் வந்த 1.1 டிகிரி

ராத்திரி இரண்டே முக்காலுக்குக் கைபேசி சிணுங்கியது. ஊரில் யாருக்கோ முடியவில்லையோ என்று பதறி எடுத்தால் குறுஞ்செய்தி. எங்கள் பி.எச்.சி.யில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியான ஐ.எல்.ஆரின் எண், பக்கத்தில் வெப்பநிலை. தூக்கக் கலக்கத்தில் 11 என்று படித்தேன். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து டூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"கரண்ட் இருக்குக்கா. பெட்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு. தொட்டுப் பார்த்தேன், நல்லா ஜில்லுன்னுதான் இருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். 11 இல்லை, 1.1.

நான் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநர். மாத்திரை, சிரப் கணக்கோடு தடுப்பூசிப் பெட்டியும் என் பொறுப்பில்தான். மாத்திரைப் பக்கம் கம்ப்யூட்டர் எங்களுக்குப் புதிதல்ல. 1994இல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிய காலத்திலிருந்தே மாவட்டக் கிடங்குகளில் இருப்புக் கணக்கு கம்ப்யூட்டரில்தான் ஓடியது. நம் கையில் ஒரு பாஸ்புக் இருக்கும். நிலையத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் போட்டிருப்பார்கள். கிடங்குக்குப் போய் எடுக்க எடுக்கக் கழியும், பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரி கழகங்களைத் தொடங்கியபோது எனக்குச் சொந்த வீட்டு விசேஷம் போல இருந்தது.

தடுப்பூசிப் பக்கம் கதை வேறு. ஒரு பெரிய ரிஜிஸ்டர், பெட்டிக்குள் ஒரு டயல் தெர்மாமீட்டர். காலையில் வந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தடவை பார்த்து எழுதுவோம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வருஷக்கணக்காக என் ரிஜிஸ்டரில் 4, 5, 4, 6, 5 என்று அழகாக இருக்கும். மேற்பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஈ-வின் வந்தது. தடுப்பூசி இருப்பையும் குளிரையும் கைபேசி வழியாகக் கண்காணிக்கும் ஏற்பாடு. மத்திய சுகாதார அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து, தடுப்பூசிக்கான சர்வதேச அமைப்பான காவி கூட்டமைப்பின் நிதியில், 2015இல் 12 மாநிலங்களில் பெரிய அளவில் தொடங்கியது. நாடு முழுக்க 27,000க்கும் மேற்பட்ட தடுப்பூசிக் கிடங்குகளை ஒரே வலையில் கொண்டுவருவது நோக்கம் என்று பயிற்சியில் சொன்னார்கள். எனக்குப் பின்வரிசையில் இருந்த அக்கா, "27,000 பெட்டியையும் ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருப்பாரா? அவருக்குக் கண்ணு வலிக்காதா?" என்று கேட்டதுதான் அன்றைக்கு மனதில் நின்றது.

முதல் வேலை கையிருப்பை எண்ணுவது. சாதாரண வேலை என்று நினைத்தேன், ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. குப்பிகளும் அதைக் கரைக்கும் டைலூயன்ட்டும் ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் மூன்று டைலூயன்ட் குறைவு. எப்போது குறைந்தது, யாருக்கும் தெரியாது. டி.டி. ஊசி ரிஜிஸ்டரில் 46, பெட்டியில் 43. இரண்டையும் பேட்ச் வாரியாக, காலாவதித் தேதி வாரியாகப் பிரித்தால்தான் செயலி ஏற்கும். பேட்ச் எண்ணைக் குப்பியின் லேபிளில் படிக்க என் கண்ணாடியும் போதவில்லை, மகளின் லென்ஸும் போதவில்லை. கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

குப்பி என்று இங்கே எழுதுகிறேனே தவிர, எங்கள் வாயில் எப்போதும் 'வயல்'தான். அந்த வாரம் முழுக்க நான் போனில் "மூணு வயல் குறையுது, எங்க போச்சுன்னே தெரியல" என்று புலம்பியதைக் கேட்டு, என் மாமியார் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, "அவங்க அப்பா நிலத்துல எதுவும் வில்லங்கமா?" என்று விசாரித்திருக்கிறார்.

ரிஜிஸ்டரில் குப்பிக் கணக்கு, செயலியில் டோஸ் கணக்கு. போலியோ சொட்டு மருந்து ஒரு குப்பியில் 20 டோஸ். என்னிடம் 14 குப்பி. 280 என்று போட வேண்டியதை 14 என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். கை கழுவுவதற்குள் மாவட்டத்திலிருந்து போன். "மேடம், போலியோ சுத்தமா தீர்ந்துபோச்சா? நாளைக்குப் புதன்கிழமை, ஊசி போடுற நாளாச்சே!" திட்டு வாங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் நான் எழுதுவதை அந்தப் பக்கம் ஒருவர் அன்றைக்கே படிக்கிறார் என்பது என் சர்வீஸில் புது அனுபவம். ரிஜிஸ்டரை மாதத்துக்கு ஒரு தடவை யாராவது புரட்டினாலே பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு ஒரு பையன் வந்து பெட்டிக்கு வெளியே சிம் கார்டு போட்ட சின்னக் கருவியை மாட்டினார். அதிலிருந்து ஒரு ஒயர், நுனியில் சென்சார், பெட்டிக்குள் போகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை மேலே அனுப்பும். அளவு மீறினால் கத்தும், குறுஞ்செய்தி போகும். "நான் தினம் ரெண்டு வேளை பாக்கறேனே தம்பி" என்றேன். "பாருங்க மேடம், அதை விட்டுறாதீங்க. ராத்திரியும் லீவுலயும் இது பாக்கும்" என்றார்.

அந்த 1.1க்கு வருகிறேன். ராத்திரியே வீட்டுக்காரரைக் கிளப்பி பைக்கில் போனேன். மூடியைத் திறந்தால் நர்ஸ் சொன்னது போலக் குளுகுளுவென்றுதான் இருந்தது. டயல் தெர்மாமீட்டர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். அதற்குள் இன்னொரு செய்தி: 0.4.

நம் ஊரில் தடுப்பூசி என்றால் வெயில் பயம்தான். கரண்ட் போனால் ஓடுவோம், ஊசி எடுத்துப் போகும் கேரியரில் ஐஸ் உருகினால் பதறுவோம். குப்பியின் லேபிளில் இருக்கும் அந்த வட்டமும் சதுரமும்கூடச் சூட்டைத்தான் காட்டும். சூடு பட்டால் உள்ளே இருக்கும் சதுரம் கறுக்கும். உறைந்தால் எந்த அடையாளமும் விழாது. போலியோவுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது. ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.டி. எல்லாம் ஒரு தடவை உறைந்தால் போச்சு. திரும்ப உருகியதும் பார்க்க முன்பு போலவே இருக்கும். குழந்தைக்குப் போடலாம், ஆனால் போட்டும் போடாத கணக்குதான்.

பென்டா குப்பிகளில் பெரும்பாலானவை மேலே கூடையில் இருந்தன. நான்கு மட்டும் அடியில், போலியோவுக்குப் பக்கத்தில். மூடி மேலே திறக்கும் ஐ.எல்.ஆரில் அடிப்பாகம்தான் அதிகக் குளிர். போன புதன்கிழமை அவசரத்தில் யாரோ வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நானாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் கேரியருக்கு மாற்றினேன். தெர்மோஸ்டாட்டைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. மே மாதம் மதியம் 7 டிகிரி காட்டியபோது பயந்துபோய் அதை ஒரு திருகு குளிர்ப் பக்கம் திருப்பியது நான்தான். திரும்ப வைக்க மறந்துவிட்டேன். வெயில் காலத்தில் தெரியவில்லை. மார்கழியில் மலைக்காற்றும் நடுராத்திரி நல்ல வோல்டேஜும் சேர்ந்ததும் பெட்டி தன் பாட்டுக்கு உறைய வைத்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு நான் வருவதற்குள் ஊசி போட வந்தவர்கள் நாலு தடவை மூடியைத் திறந்து மூட, அது 4க்கு ஏறியிருக்கும். என் ரிஜிஸ்டர் பொய் சொல்லவில்லை, ராத்திரியைப் பற்றி அதை யாரும் கேட்கவில்லை.

காலையில் ஷேக் டெஸ்ட், ஊசி மருந்து உறைந்ததா என்று குலுக்கிப் பார்க்கும் சோதனை. அதே பேட்சில் ஒரு பென்டா குப்பியை வேண்டுமென்றே டீப் ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்து உருக்கிக்கொள்ள வேண்டும். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கி, மேஜையில் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் நானும் கிராம சுகாதார செவிலியர்களான இரண்டு வி.எச்.என்.களும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். உறைய வைத்த குப்பியில் மாவு போல அடியில் படிய, மேலே தண்ணீர் தெளிந்தது. கூடையில் இருந்த குப்பி மோர் மாதிரி கலங்கலாகவே நின்றது. அது தப்பித்தது. அடியில் கிடந்த குப்பியை எடுத்தோம். பத்து நிமிஷத்திலேயே தெளிய ஆரம்பித்தது. "அக்கா, இது போச்சு" என்றாள் சின்னவள்.

நான்கு குப்பி, நாற்பது டோஸ். சோதனைக்கு உறைய வைத்தது தனியாக ஒன்று. கழித்தவை என்ற இடத்தில் எண்ணைப் போட்டு, காரணத்தில் உறைந்தது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விரல் அங்கே போய்ப் போய்த் திரும்பியது. பழைய ரிஜிஸ்டராக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். இப்போதோ 0.4 என்று மேலே போய்விட்டது. மறைக்க ஒன்றும் இல்லை. தட்டிவிட்டேன்.

மாவட்டத்திலிருந்து போன் வந்தது, விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அதே போனிலேயே, "பக்கத்து பி.எச்.சி.யில பென்டா கூடுதலா இருக்கு, ஆறு குப்பி அனுப்பச் சொல்லிட்டேன்" என்றார்கள். முன்பெல்லாம் ஊசி தீர்ந்தால் நானே ஐந்து இடத்துக்குப் போன் போட்டு, "உங்ககிட்ட இருக்கா, கொஞ்சம் தாங்களேன்" என்று கடன் கேட்பது போல நிற்க வேண்டும். இருந்தாலும் இல்லை என்பவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி வந்தபோது இந்தச் செயலிக் கணக்குப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை. கோவிஷீல்டு குப்பி பத்து டோஸ் என்று எழுதி வரும். கை பழகிய எங்கள் நர்ஸ்கள் சொட்டு வீணாக்காமல் பதினொன்று எடுத்துவிடுவார்கள். எண்ணிக்கையில் நான் வாங்கியதைவிடப் போட்டது அதிகம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்கு நேர் செய்ய உட்கார்ந்து, திருட்டு நடந்தால் எழுத இடம் இருக்கும், மிச்சம் பிடித்தால் எங்கே எழுதுவது என்று நர்ஸிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. செயலி வந்தது, ரிஜிஸ்டர் போகவில்லை. ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதுகிறோம். புதன்கிழமை முடிந்து சப் சென்டர்களிலிருந்து கேரியர் திரும்பி, மிச்சம் எண்ணி, தட்டி முடிக்கச் சாயங்காலம் ஏழாகும். எங்கள் கட்டடத்துக்குள் சிக்னல் நிற்காது. வேப்பமரத்தடி பெஞ்சில்தான் என் 'அலுவலகம்'.

தெர்மோஸ்டாட் திருகின் மேல் இப்போது பிளாஸ்டர் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து இட்டிருக்கிறேன். இந்த மே மாதம் ஒரு மதியம் 7.2 காட்டியது. கை பரபரத்தது. பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, மூடியைத் திறக்காதீர்கள் என்று சத்தம் போட்டு நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நாலு மணிக்கு 5.8.